ஒரு நாள் குஞ்சுக்கு அடியில் எதைப் போடுவது?

கேள்வி இது: வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு வட்டாரம். 100 நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஐப்பசிக் கடைசியில் வருகிறது. பத்துக்குப் பதினைந்து அறை, மேலே சிமெண்ட் ஷீட், பாதி சிமெண்ட் தரை, பாதி மண் தரை. நெல் உமி, மரத்தூள், மல்லாட்டைத் தோல் (நிலக்கடலைத் தோல்), தேங்காய் நார்த்தூள் நான்கும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கின்றன. இதில் எதைப் போடுவது? மண் தரையைச் சாணி போட்டு மெழுகினால் போதும் என்கிறார் மாமனார். வெறும் பேப்பர் போதும் என்கிறார் குஞ்சு விற்பவர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் தரை இருக்கும் பாதியில் வையுங்கள். முழு உமி முக்கால் பங்கு, நன்றாகக் காய்ந்த நார்த்தூள் கால் பங்கு கலந்து 3 அங்குலம் பரப்புங்கள். முதல் 3 நாள் அதன்மேல் துவைத்துக் காயவைத்த கோணிச் சாக்கு. நார்த்தூள் ஈரமாகத்தான் கிடைக்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், தனி உமியே போதும். ஆனால் ஒன்று, நல்ல கூளம், அதாவது இப்படி அடியில் பரப்பும் பொருள், போட்டும் குஞ்சு சாகிறது, சுமாரான கூளத்திலும் தேறுகிறது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீர்க் குப்பி வைத்த இடத்தில்தான் தொடங்குகிறது.

குஞ்சுக்கு அடியில் கிடப்பது மூன்று வேலை செய்ய வேண்டும். கால் வழுக்காமல் பிடிப்புத் தர வேண்டும். தரையின் குளிர் மேலே ஏறாமல் தடுக்க வேண்டும். எச்சத்தின் ஈரத்தை வாங்கி, வாங்கியதைக் காற்றுக்கு விட வேண்டும். மூன்றையும் ஒருங்கே சரியாகச் செய்யும் பொருள் எதுவும் இல்லை. உமி வாங்குவது குறைவு, விடுவது வேகம். நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு வாங்கும், எளிதில் விடாது. மரச்சீவல் இரண்டிலும் நடுத்தரம் என்பதால் உலகெங்கும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நம் ஊரில் இழைப்புப் பட்டறைச் சீவல் மூட்டைக் கணக்கில் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஈரத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இது விளங்கும். முதல் வாரம் 100 குஞ்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும். மூன்றாம் வாரம் 5 லிட்டரைத் தொடும். எச்சத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தாமலே தினமும் லிட்டர் கணக்கில் கூளத்தில் இறங்குகிறது. இதோடு குப்பி ஒழுகினால், உமியானாலும் சீவலானாலும் தாங்காது.

உமியில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆரணி, ஆற்காடு, செய்யாறு பக்கம் பெரிய அரிசி ஆலைகளில் ரப்பர் உருளை இயந்திரத்தில் வரும் உமி முழுசாக, படகு வடிவத்தில், பொன்னிறமாக இருக்கும். நமக்கு வேண்டியது அது. கிராமத்து ஹல்லர் மில்லில் வருவது உமியும் தவிடும் நொய்யும் சேர்ந்த பொடி. விலை மலிவு, சில சமயம் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். அதைப் போட்டால் குஞ்சு தவிட்டுக்காகக் கூளத்தையே கொத்தித் தின்னும், ஈரம் பட்ட இடம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், தூசி கண்ணில் ஏறும். வேறு வழி இல்லாமல் அதுதான் கிடைத்தது என்றால், காற்றடிக்கும் நேரம் பார்த்து முறத்தில் தூற்றி, பொடி போனபின் மிஞ்சுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புழுங்கல் ஆலை உமியா, பச்சரிசி ஆலை உமியா என்று கேட்கத் தேவையில்லை. காய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றே.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த உமி மழையில் நனைந்து காய்ந்ததா? ஆலைக்கு வெளியே மலைபோல் குவித்திருப்பார்கள். மேலே காய்ந்திருக்கும், முழங்கை ஆழம் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், முகர்ந்தால் பழைய சாக்கு வாடை வரும். அப்படி இருந்தால் வேண்டாம். பூஞ்சை பிடித்த உமியை வெயிலில் உலர்த்தினால் பூஞ்சையின் வித்து செத்துவிடாது. பொடியாகி இன்னும் எளிதாகப் பறக்கும். அதை மூச்சில் இழுத்த குஞ்சு ஐந்தாறு நாளில் வாயைப் பிளந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். கரகரப்புச் சத்தம் அதிகம் இராது. சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நுரையீரலில் பூஞ்சை பிடித்த குஞ்சுக்குப் பண்ணையில் செய்யக்கூடிய வைத்தியம் ஏதும் இல்லை. இதற்குத் தடுப்பு, நல்ல உமி வாங்குவது ஒன்றுதான்.

எவ்வளவு வாங்குவது? 75 கிலோ நெல் பிடிக்கும் சாக்கில் உமியைத் தளதளவென்று நிரப்பினால் 13 கிலோ அளவுக்கு வரும். முதல் நாட்களில் குஞ்சை அடைத்து வைக்க 6 அடி விட்டத்தில் போடும் தகட்டு வட்டத்துக்கு 2 அங்குல உயரம் பரப்ப அது சரியாக இருக்கும். 3 அங்குலம் என்றால் ஒன்றரை மூட்டை. எட்டு பத்து நாளில் வட்டத்தைப் பிரித்து உங்கள் சிமெண்ட் பாதி முழுவதற்கும், அதாவது 75 சதுர அடிக்கும், விடும்போது மொத்தம் 4 மூட்டை ஆகும். நனைந்த இடத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போட 2 மூட்டை கையிருப்பு வேண்டும். ஆக 6 மூட்டை. மழைக்காலத்தில் பாதியில் உமி தேடிப் போனால் நனைந்த உமிதான் கிடைக்கும், செங்கல் சூளைக்காரர்களும் ஆலையின் சொந்தக் கொதிகலனும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். முதலிலேயே வாங்கிப் பலகைமேல் அடுக்கிவிடுங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த மூட்டையைக் குஞ்சுக்குப் போட வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மரத்தூள், அதாவது வாள் பட்டறையில் விழும் ரம்பத்தூள், முதல் இரண்டு வாரத்துக்குக் கூடாது. குருணைத் தீவனத்துக்கும் அதற்கும் குஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தீவனத்தை விட்டுவிடும், உள்ளே கட்டியாகி அடைக்கும். பச்சை மரம் அறுத்த தூளில் கைக்குத் தெரியாத ஈரமும் இருக்கும். பிளைவுட், எம்டிஎஃப் பலகை அறுத்த தூள் பசையும் ரசாயனமும் சேர்ந்தது, எந்த வயதுக் கோழிக்கும் வேண்டாம். கரையான் மருந்து அடித்த மரமும் அப்படியே.

மல்லாட்டைத் தோல் போளூர், திருவண்ணாமலைப் பக்கம் கடலை உடைக்கும் மில்களில் ஏராளம். வளர்ந்த கோழிக்கு நல்ல கூளம். குஞ்சுக்கு இரண்டு சிக்கல். உடையாத தோல் கிண்ணம்போல் மல்லாந்து கிடந்து தண்ணீரையும் எச்சத்தையும் ஏந்திக்கொள்ளும், அதில் குஞ்சு வழுக்கும். அரை அங்குலத் துண்டாக நொறுக்கினால் இது தீரும். இரண்டாவது தீராது: தோலோடு சுருங்கின பருப்பும் சொத்தைப் பருப்பும் வரும், அதில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சு பருப்பை விடாது, தேடிப் பொறுக்கும். ஈரல் கெட்டு, எந்த நோய்க்கும் தாங்காமல் போகும். அருகிலேயே வாத்துக்குஞ்சும் வளர்ப்பதாக இருந்தால் அறவே வேண்டாம், கோழியைவிட வாத்து இந்த நஞ்சுக்குப் பல மடங்கு பலவீனம்.

நார்த்தூளைப் பற்றி முன்பே சொன்னேன். கயிறு ஆலையில் புதிதாக விழுவதைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதைத் தார்ப்பாயில் 2 அங்குல உயரம் பரப்பி, கிளறிக் கிளறி மூன்று நான்கு நாள் நல்ல வெயில் காட்ட வேண்டும். ஐப்பசியில் அந்த வெயில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி, ஆகவே புரட்டாசியிலேயே காயவைத்து மூட்டை கட்டிவிடுங்கள். தனியாகப் போட்டால் காய்ந்தபோது தூசி, நனைந்தபோது கால் விரலில் அப்பிக்கொண்டு உருண்டையாகும். கால் பங்குக்கு மேல் கலக்காதீர்கள்.

வைக்கோல் போடுவதாக இருந்தால் 1 அங்குலத்துக்கு நறுக்கினால்தான் ஆகும். நீளமாகக் கிடந்தால் பாய்போல் படிந்து அடியில் அழுகும். கரும்புச் சக்கை இனிப்பு மிச்சத்தால் புளிக்கும். பாலாற்று மணலை அனுமதி இல்லாமல் அள்ளக்கூடாது, எம்-சாண்டில் பொடி அதிகம், எப்படியும் மணல் மழைக்காலத்தில் ஐஸ்போல் குளிரும். ஒன்று மட்டும் இந்த ஊருக்கென்றே சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் ஆலைகளின் சீவல் மூட்டைகள் சில சமயம் கைமாறும். பார்க்க மரச்சீவல்போல் மெத்தென்று, லேசான நீலம் தெரியும். அது குரோமியத்தில் பதப்படுத்திய தோல். கூளமாகவும் வேண்டாம், பிறகு எருவாக நிலத்திலும் வேண்டாம்.

இனி தரை. உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. சாணி மெழுகிய மண் தரை சிமெண்டைப்போல் காலுக்குச் சில்லென்று இராது, வழுக்காது. தாய்க்கோழி அடைகாத்து, தானே குஞ்சுகளை மேய்க்கும் வீட்டில் அதுவே போதும், பத்துப் பன்னிரண்டு குஞ்சு பகலெல்லாம் வெளியில் திரியும். 100 குஞ்சை ஒரே அறையில் மூன்று வாரம் அடைத்து வைக்கும்போது கணக்கு மாறுகிறது. ஐப்பசி கார்த்திகையில் மண் தரை அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே கொடுக்கும். கூளம் மேலே காய்ந்திருக்கும், அடியில் நசநசக்கும். எலி வளை போடும், ஒரே இரவில் இருபது குஞ்சை இழுத்துக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை ரத்தக்கழிச்சல் வந்துவிட்டால் அந்தக் கிருமி முட்டைகளை மண்ணிலிருந்து அகற்ற முடியாது.

சிமெண்ட் பாதியே இல்லாதவர்கள் மண் தரையை மேடாக்கி, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனரைக் கவிழ்த்து விரித்து, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்தி, 3 அங்குல உமி போட்டுச் சமாளிக்கலாம். பேனர் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது, அதன்மேல் குஞ்சு நின்றால் கால் விரியும். சிந்திய தண்ணீர் கீழே இறங்க வழி இல்லை என்பதால் நனைந்த உமியை அன்றன்றே அள்ள வேண்டும்.

சிமெண்ட் தரையைத் தயார் செய்வதில் அவசரம் காட்டாதீர்கள். முன்பு கோழி இருந்த அறையானால் பழைய கூளத்தை ஒரு துளி மிச்சமில்லாமல் வாரி, சுரண்டி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா முட்டைக்கு ஓடு தடிப்பு, பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதைத் தொடாது. கொதிக்கும் தண்ணீர், தீ, நீண்ட நாள் காய்ந்து கிடப்பது மூன்றும் அதை அழிக்கும். கேஸ் டார்ச் வைத்திருப்பவர்கள் தரையையும் ஓரச் சந்துகளையும் மெதுவாக ஒருமுறை சுட்டு எடுப்பது நல்லது. அதன்பின் இரண்டு வாரமாவது அறை காலியாகக் கிடக்கட்டும். தரையில் விரிசல் இருந்தால் இப்போதே பூசிவிடுங்கள். அறை ஓரத்தில் ஷீட் ஒழுகுகிறதா என்பதை மழை பெய்யும்போது உள்ளே நின்று பாருங்கள், குஞ்சு வந்தபின் பார்த்துப் பயனில்லை. டைல்ஸ் தரையும் ஆகாதது அல்ல, கூளம் விலகாமல் பார்த்துக்கொண்டால்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே கூளத்தைப் பரப்பி, தகட்டு வட்டத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிடுங்கள். ஒன்றரை அடி உயரத் தகடு அல்லது அட்டை, 6 அடி விட்டம், மூலை எதுவும் இல்லாமல் வட்டமாக. மூலை இருந்தால் குளிருக்கு அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். காற்று சூடாக 2 மணி நேரம் போதும், 3 அங்குல உமியும் அதன் கீழே உள்ள சிமெண்டும் சூடாக ஒரு நாள் வேண்டும். சூட்டுமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், கூளத்தின் மேல்மட்டத்திலிருந்து 2 அங்குலத்தில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மழைக்கால இரவுக்குக் குஞ்சுக்கு 2 வாட் வீதம் கணக்கு. ஒரே 250 வாட் அகச்சிவப்பு விளக்கைவிட இரண்டு 100 வாட் குண்டு பல்பு நல்லது, ஒன்று அணைந்தாலும் மற்றொன்று இருக்கும். எல்இடி விளக்கு வெளிச்சம்தான் தரும், சூடு தராது.

கூளம் சூடாகிவிட்டதா என்பதற்குக் கருவி வேண்டாம். குஞ்சை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து, நான்கைந்து குஞ்சை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் தரை குளிர்ந்திருக்கிறது என்று பொருள், சூட்டுமானி 35 காட்டினாலும். பாதம் குளிர்ந்த குஞ்சு தீவனத்துக்குப் போகாது, விளக்கடியில் உட்கார்ந்தே கிடக்கும். மறுநாள் காலை இருபது குஞ்சின் கழுத்தடி இரைப்பையைத் தடவிப் பாருங்கள். குறைந்தது பத்தொன்பது குஞ்சுக்கு அது மெத்தென்று நிறைந்து, உள்ளே கூழ்போல் இருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் சூடோ வெளிச்சமோ போதவில்லை. சொரசொரப்பாக, குத்துவதுபோல் கட்டியாக இருந்தால் உமியைத் தின்றிருக்கிறது.

சாக்கு போடச் சொன்னது இதற்காகத்தான். வந்த முதல் இரண்டு மூன்று நாள் குஞ்சு காலடியில் எது கிடந்தாலும் கொத்தும். தீவனம் எது, உமி எது என்று அது கற்றுக்கொள்ளும்வரை உமி மறைந்திருக்க வேண்டும். குஞ்சு விற்பவர் பேப்பர் சொன்னதும் அதற்கே, ஆனால் செய்தித்தாளை மட்டும் விரிப்பதில் ஆபத்து இருக்கிறது. ஈரம் பட்டதும் வழுவழுவென்றாகி, இன்னும் உறுதிப்படாத தொடை வெளிப்பக்கம் விலகி, குஞ்சு இரண்டு காலையும் அகட்டிப் பரப்பிக்கொண்டு விழும். வழவழப்பான வண்ணத்தாள் இன்னும் மோசம். பேப்பர்தான் இருக்கிறது என்றால் உமியின்மேல் நாலைந்து தாள் அடுக்கிப் போட்டு, நாளுக்கு ஒரு தாளாக மேலிருந்து உருவிக்கொண்டு வாருங்கள், தாளைக் கசக்கி விரித்தால் கொஞ்சம் பிடிப்பு வரும். அட்டைப்பெட்டியின் நெளிவரி தெரியும்படி மேல்தாளை உரித்த அட்டை அதைவிட மேல். கோணிச் சாக்கு எல்லாவற்றிலும் நல்லது, தையலைப் பிரித்துத் தட்டையாக விரித்து, நூல் பிரியும் ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள், நூல் விரலில் சுற்றிக்கொண்டால் விரலே போய்விடும். உரச் சாக்கு, பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம்.

மக்காச்சோள ரவையையோ குஞ்சுத் தீவனத்தையோ சாக்கின்மேல் அங்கங்கே தூவுங்கள். எச்சம் படிந்த சாக்கை மறுநாள் மாற்ற இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் சாக்கை முழுசாக எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் விட்டால் அடியில் ஈரம் கட்டும்.

கால் விரிந்த குஞ்சு தென்பட்டால் அன்றைக்கே பாருங்கள். மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுப்பட்டையை மெல்லிய நாடாவாக வெட்டி, இரண்டு காலையும் பாதத்துக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டுங்கள், இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அது இயல்பாக நிற்கும் அகலத்தில். இறுக்கினால் கால் வீங்கும். தனியாகச் சொரசொரப்பான தரையில் விட்டால் இரண்டு நாளிலிருந்து நான்கு நாளில் பெரும்பாலும் சரியாகும். ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பிடிக்காது.

இப்போது தண்ணீர்க் குப்பி. முதல் மூன்று நாள் சிறிய குப்பியை ஒரு பலகைத் துண்டின்மேல் வையுங்கள். அதன்பின் 2 அடி சதுரத்துக்கு ரீப்பர் சட்டம் அடித்து, மேலே அரை அங்குலக் கம்பிவலை போட்டு, அதன்மேல் குப்பியை ஏற்றிவிடுங்கள். சிந்துவது வலைக்குக் கீழே இறங்கும், குஞ்சின் கால் அதில் படாது. கீழே இருக்கும் நனைந்த உமியைச் சட்டத்தைத் தூக்கித் தினமும் அள்ளிவிடலாம். தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை, ஆனால் கூளம் கெடுவதில் பெரும்பகுதியை இது தடுத்துவிடும். குப்பியின் விளிம்பு எப்போதும் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும், வாரா வாரம் உயர்த்துங்கள். குப்பியை விளக்குக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

கூளம் எப்படி இருக்கிறது என்பதை தினமும் கையால் பார்க்க வேண்டும். குப்பிக்கு அருகில், விளக்குக்கு அடியில், தகட்டு ஓரத்தில் என்று மூன்று இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, பிறகு கையைத் திறந்து பாருங்கள். பிடித்த உருவம் லேசாக நின்று உடனே உதிர்ந்தால் சரி, ஈரம் 25 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. கொழுக்கட்டைபோல் அப்படியே நின்றால் 35ஐத் தாண்டிவிட்டது. பொலபொலவென்று கொட்டித் தூசி எழுந்தால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள். மழைக்காலத்தில் காலையில் கிளறாதீர்கள். பதினொரு மணிக்குமேல் படுதாவைத் தூக்கிவிட்டுக் கிளறினால்தான் எழும் ஈரம் வெளியே போகும். கட்டி தட்டிய அடையை உடைத்து மறுபடி கலக்கிவிடுவது பலர் செய்யும் வேலை. அது ஈரத்தைப் பரப்புவதே. அடையை அள்ளி வெளியே கொட்டி, அந்த இடத்தில் புது உமி போடுங்கள்.

நனைந்த கூளத்தில் என்ன நடக்கிறது? காக்சிடியா முட்டை எச்சத்தில் விழும்போது நோய் தராது. வெப்பமும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிறது. காய்ந்த கூளத்தில் அது முற்றுவது கடினம். குப்பியடி உமியை நாள் தவறாமல் அள்ளுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம், மூன்று நாளுக்கொருமுறை என்றால் அதற்குள் முற்றிவிடும். மூன்றாம் வாரத்துக்குமேல் எச்சத்தில் ரத்தம், இறக்கை தொங்கி உட்கார்ந்த குஞ்சு என்று கண்டால் அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் செத்த குஞ்சு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வாடை இன்னொன்று. அம்மோனியா நம் மூக்குக்குத் தெரியும்போதே 20 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு) பக்கம் வந்திருக்கும். 25ஐத் தாண்டினால் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்ணாகி, சளி நோய்க்குக் கதவு திறந்துவிடுகிறது. தினமும் உள்ளே போகிறவருக்கு மூக்குப் பழகிவிடும் என்பதால், வெளியிலிருந்து வரும் ஒருவரைக் குந்தி உட்காரச் சொல்லி, குஞ்சின் உயரத்தில் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிர் என்று நான்கு பக்கமும் படுதாவை மூடி வைப்பவர்கள் கொட்டகையில்தான் இது அதிகம். மேலே ஓர் அடி எப்போதும் திறந்திருக்கட்டும்.

வாடை வந்ததும் சுண்ணாம்புத் தூளைக் கூளத்தில் தூவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. குஞ்சு உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். சுண்ணாம்பு காரம். எச்சத்தில் கட்டுண்டு கிடக்கும் அம்மோனியா காரம் கூடினால் வாயுவாக ஒரே மூச்சில் கிளம்பும். தூவிய அன்று வாடை குறைவதற்குப் பதில் கண் எரியும். அதோடு தூளே குஞ்சின் பாதத்தையும் கண்ணையும் பொசுக்கும். சுண்ணாம்பு காலி அறையின் தரைக்கும் சுவருக்கும்தான். நனைந்ததை அள்ளுவது, காற்று விடுவது, காய்ந்ததைப் போடுவது என்பதற்கு மாற்றுப் பொடி கிடையாது.

கம்பிவலைத் தரை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூண்டில் வளர்த்துக் கூண்டிலேயே விற்பவர்களுக்கும் காடைக்கும் அது சரி. எச்சம் கீழே விழுந்துவிடும், ரத்தக்கழிச்சல் ஏறக்குறைய வராது. அரை அங்குலச் சதுர வலை, முதல் வாரம் மேலே கெட்டியான தாள் அல்லது சாக்கு, இல்லாவிட்டால் கால் மாட்டும். வெல்டு தெறித்த கூர்முனை இருந்தால் உள்ளங்காலில் புண் வைக்கும், புறங்கையால் தடவிப் பார்த்து அரம் போட்டுவிடுங்கள். மார்கழி இரவில் கீழிருந்து ஏறும் காற்றுக்கு மூன்று பக்கம் மறைப்பு வேண்டும். ஆனால் உங்கள் நாட்டுக்கோழி ஆறாம் வாரத்தில் தோப்பில் இறங்கி மேயப் போகிறது. காய்ந்த கூளத்தில் வளரும் குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காக்சிடியாவைச் சந்தித்து எதிர்ப்பைச் சேர்த்துக்கொள்ளும். வலையிலேயே வளர்ந்தது அந்த எதிர்ப்பு இல்லாமல் மண்ணில் இறங்கி, முதல் மழைக்கே மொத்தமாகப் படுத்துவிடும். மேய்ச்சலுக்கு விடுவதாக இருந்தால் கூளம்தான்.

சித்திரை வைகாசியில் அடுத்த தொகுதி எடுத்தால் இதே கணக்கைப் பின்பற்றாதீர்கள். வேலூர் வெயில் 40ஐத் தாண்டும் நாளில் ஷீட் அறைக்குள் பகலில் விளக்கே தேவைப்படாது, குளிர் ஏறாமல் தடுக்கும் கெட்டிக் கூளமும் தேவையில்லை. ஒன்றரை அங்குல முழு உமி போதும், நார்த்தூள் வேண்டாம். அப்போது பிரச்சினை தூசி. கூளத்தில் தண்ணீர் தெளிக்காமல், கூரைமேலும் வெளிச்சுவரைச் சுற்றியும் தெளியுங்கள்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த உமியும் சாக்கும் பொறி பட்டால் புகைந்து பிறகு பற்றும். விளக்கை மின்கம்பியில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டி, இன்னொரு கயிற்றாலும் கட்டுங்கள். 250 வாட் விளக்கானால் கூளத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இறக்காதீர்கள். கரண்ட் போகும் இரவுக்குக் கரிச்சட்டி வைப்பவர்கள் அதைச் செங்கல் அடுக்கின்மேல் தகடு போட்டு வைத்து, சுற்றி ஓர் அடிக்கு உமியை விலக்கி, கம்பிவலையால் மூடுங்கள். கரிப்புகைக்கு மேலே திறப்பு கட்டாயம்.

குஞ்சு வளர்ந்து அறையைவிட்டு வெளியேறியபின் அந்தக் கூளத்தை அடுத்த தொகுதிக் குஞ்சுக்கு வைக்காதீர்கள், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். கொட்டகையிலிருந்து தள்ளி, காற்று அதன் வாடையைக் கொட்டகைக்குக் கொண்டுவராத பக்கம், குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் மக்க நாள் பிடிக்கும், சாணிக் கரைசலும் பச்சை இலையும் சேர்த்துப் புரட்டினால் நான்கைந்து மாதத்தில் கறுத்து உதிரும். அதன்பின் தென்னைக்கோ கரும்புக்கோ போடலாம். மக்காத சூட்டோடு நாற்றங்காலில் போட்டால் பயிர் கருகும்.